பழைய லொறி குற்றவாளி அல்ல, பார்க்காமல் அனுப்புகிறவரே குற்றவாளி



எங்கள் தோட்டத்து லொறி டிரைவருக்கு நிர்வாகம் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறது. மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை, தோட்டத்துக்கு நட்டம் உண்டாக்கினார் என்று இரண்டு குற்றச்சாட்டுகள். விசாரணைக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அவர் செய்தது இவ்வளவுதான். பிரேக் பிடிக்காத லொறியைக் கொழும்புக்கு எடுத்துப்போக மாட்டேன் என்றார்.

இதை அந்த ஒரு மனிதருக்காக மட்டும் எழுதவில்லை. மலையகத்தில் பழைய லொறி இல்லாத தோட்டம் ஏது? பனிக்காலத்தில் அந்த லொறியை நெடுந்தூரம் அனுப்பாத நிர்வாகம் ஏது? இன்று எங்கள் டிரைவர். நாளை உங்கள் தோட்டத்து டிரைவர். அவர் பின்னால் உட்கார்ந்திருப்பது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.

நடந்தது என்ன?

பொங்கலுக்கு மூன்று நாள் இருந்தது. பெக்டரியில் தேயிலைச் சாக்குகள் அடுக்கிக் கிடந்தன. வழக்கமாக வரும் வாடகை லொறி வரவில்லை. "நம்ம லொறியில ஏத்தி அனுப்பு, வரும்போது உரத்தை ஏத்திக்கிட்டு வரட்டும்" என்று ஒப்பீஸிலிருந்து உத்தரவு வந்தது.

நம்ம லொறி எது என்று எல்லோருக்கும் தெரியும். மலையிலிருந்து கொழுந்து இறக்குகிற லொறி. இருபத்தைந்து வயதைத் தாண்டியது. மடுவத்துக்கும் பெக்டரிக்கும் இடையில் நாலைந்து கிலோமீற்றர், பெரும்பாலும் ஒன்றாம் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்தே அதன் நாள் முடியும். பெற்றரி நின்றுபோனதால் மாலையில் அதை இறக்கத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, காலையில் கல்லை எடுத்து உருட்டித்தான் ஸ்டார்ட் பண்ணுகிறார்கள். அந்த இறக்கத்துக்குக் கீழேதான் பிள்ளை மடுவம் இருக்கிறது என்பதை இங்கே ஞாபகப்படுத்துகிறோம்.

பிரேக் பெடல் கீழே போகிறது என்று டிரைவர் கார்த்திகை மாதமே ஒப்பீஸில் சொன்னார். "இரண்டு தரம் பம்ப் பண்ணு, பிடிக்கும்" என்று பதில் கிடைத்தது. மார்கழியில் மறுபடியும் சொன்னார். அதே பதில். உத்தரவு வந்த அன்று காலை பிரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"துரை, தோட்டத்துக்குள்ள நான் கியரை வச்சு இறக்கிக்கிறேன். கினிகத்தேனை இறக்கத்துல இத்தனை சுமையை வச்சுக்கிட்டு என்னால முடியாது. பிரேக்கைச் செஞ்சு குடுங்க, இன்னைக்கு ராத்திரியே போறேன்."

அவர் போக மாட்டேன் என்று சொல்லவில்லை. செய்து கொடுங்கள், போகிறேன் என்றார். இதைக் கேட்ட நாற்பது பேர் இன்னும் உயிரோடு இருக்கிறோம். கடிதத்தில் மட்டும் "மறுத்தார்" என்று இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து வாடகை லொறி வந்து தேயிலையை ஏற்றிப் போனது. அதற்குக் கொடுத்த வாடகைதான் அந்த "நட்டம்".

பிறகு சங்கம் கேட்டதன் பேரில் டவுனிலிருந்து ஒரு கராஜ் பாஸ் வந்து சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார். பின்பக்க இடது சக்கரத்தில் பிரேக் சிலிண்டர் கசிந்து லைனிங் முழுவதும் ஒயிலில் ஊறியிருந்தது. முன்பக்க லைனிங் ரிவெட் வரை தேய்ந்து, ரிவெட் டிரம்மைச் சுரண்டியிருந்தது. பிரேக் ஒயில் கோப்பித் தண்ணீர் மாதிரிக் கறுத்திருந்தது. கண்டதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்தத் தாள் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. ஆனாலும் கடிதம் திரும்பப் பெறப்படவில்லை.

இன்னொன்றும் உண்டு. நம் தோட்டத்திலிருந்து கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் ஆறு பொடியன்கள் பொங்கலுக்கு வருவதற்காக அந்த லொறியை எதிர்பார்த்திருந்தார்கள். புறக்கோட்டையில் ஏறி, உர மூட்டைகளுக்கு மேலே படுத்துக்கொண்டு வருவது அவர்கள் திட்டம். லொறி போகவில்லை என்று கேட்டு டிரைவரைத் திட்டியவர்களும் நம்மில் உண்டு. அந்தப் பொடியன்கள் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தார்கள். வந்து சேர்ந்தார்கள் அல்லவா? அதற்காக அந்த டிரைவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

கினிகத்தேனை இறக்கம் என்ன கேட்கும்?

ஒப்பீஸில் உட்கார்ந்து பார்த்தால் கொழும்புப் பாதை படத்தில் ஒரு கோடுதான். டிரைவருக்கு அது வேறு. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. வட்டவளை, கினிகத்தேனை, கித்துல்கல என்று இறங்கி யட்டியாந்தோட்டைக்கு வரும்போது 1,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தை லொறி இழந்திருக்கும். லொறியும் சுமையும் சேர்ந்து எட்டு டன் என்று வையுங்கள். எட்டு டன் 1,000 மீற்றர் இறங்கும்போது வெளிவரும் சக்தி, 200 லீற்றர் பீப்பாய் நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். டிரைவர் சரியான கியரில் இறக்கினால் எஞ்சின் எடுக்கும் பங்கு பெரிது. மிச்சம் அத்தனையும் பிரேக் டிரம்மில் சூடாக இறங்கும்.

டிரம் சூடானால் விரிந்து லைனிங்கிலிருந்து விலகும். லைனிங் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் பிடிப்புப் போய்விடும். அடுத்த ஆபத்து பிரேக் ஒயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற பொருள். டொட் 3 என்று தகரத்தில் போட்டிருக்கும் சாதாரண பிரேக் ஒயிலின் தரத்தைப் பாருங்கள். புதிதாக இருக்கும்போது அது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. மழையும் மூடுபனியும் ஓயாத மலையில், வருடக்கணக்காக மாற்றாத பிரேக் ஒயிலில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? இறக்கத்தில் அது கொதித்துக் குமிழி கட்டும். டிரைவர் மிதிக்கும்போது குமிழிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. பெடல் தரையைத் தொடும். அப்போது பம்ப் பண்ணு என்று சொல்ல எந்தத் துரையும் பக்கத்தில் இருக்கமாட்டார்.

மலைப்பாதை ஒரு தரம்தான் மன்னிக்கும் என்பார்கள். சில நேரம் அதுவும் இல்லை. 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கரண்டியெல்லயில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. இப்படி ஒவ்வொரு தடவையும் நாடு இரண்டு நாள் அழுகிறது. பிறகு டிரைவர் என்ன செய்தார் என்று மட்டும் கேட்கிறது. வாகனத்துக்கு யார் என்ன செய்தார்கள், என்ன செய்யாமல் விட்டார்கள் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. நாங்கள் அந்தக் கேள்வியை வண்டி புறப்படுமுன் கேட்கிறோம்.

அவர்கள் சொல்லும் நியாயங்கள்

முதலாவது: "லொறி பழசு, நாங்கள் என்ன செய்வது?" பழசு என்பது குறையே அல்ல. இந்த நாட்டில் முப்பது, நாற்பது வருட லொறிகள் ஓடுகின்றன. சொந்தமாக ஒரு பழைய லொறி வைத்துப் பிழைக்கிறவர் அதைத் தன் மாட்டைப் போலப் பார்க்கிறார். கிரீஸ் அடிக்கிறார், ஒயில் மாற்றுகிறார், சத்தம் மாறினால் இறங்கிப் பார்க்கிறார். ஏனென்றால் உள்ளே உட்காருகிறவர் அவரே. நம் லொறிக்கு வந்த நோய் வயது அல்ல. செலவைத் தீர்மானிக்கிறவர் ஒருவர், உயிரைப் பணயம் வைக்கிறவர் வேறொருவர். அதுதான் நோய்.

இரண்டாவது: "தகுதிச் சான்றிதழ் இருக்கிறது, வரிப் பத்திரம் இருக்கிறது, புகைச் சான்றிதழும் இருக்கிறது." இருக்கட்டும். புகைச் சான்றிதழ் புகையைத்தான் அளக்கிறது, பிரேக்கை அல்ல. தகுதிச் சான்றிதழ் வருடத்தில் ஒரு நாள் லொறி எப்படி இருந்தது என்று சொல்கிறது. அதற்குப் பிறகு சிலிண்டர் கசிந்தால் அந்தத் தாள் ஓடிவந்து அடைக்குமா? போன சித்திரையில் காய்ச்சல் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டைக் காட்டி, இன்று காய்ச்சலோடு இருப்பவரை மலைக்கு அனுப்புவது போன்றது இது.

மூன்றாவது: "வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது, நெருக்கடியில் பாகங்கள் விலை ஏறிவிட்டன." 2020 மார்ச்சில் வாகன இறக்குமதிக்குத் தடை வந்ததும், அது தளர 2025 ஆனதும் உண்மை. 2022இல் டீசல் லீற்றர் 460 ரூபா வரை போனதும் உண்மை. அந்த நெருக்கடியில் நம் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டாம். ஆனால் புது லொறி யார் கேட்டது? கேட்டது ஒரு சிலிண்டர், நாலு சக்கரத்துக்கு லைனிங், ஓரிரு தகரம் பிரேக் ஒயில், கராஜ் பாஸின் ஒரு நாள் கூலி. புது லொறி வராத காலத்தில்தான் பழைய லொறியை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும். தடையைக் காரணம் காட்டிப் பழுதுபார்ப்பையும் நிறுத்தியது என்ன கணக்கு?

நான்காவது, எல்லாவற்றிலும் கெட்டது: "திறமையான டிரைவர் என்றால் சமாளிப்பார்." முப்பது வருடம் சமாளித்ததைத்தான் திறமை என்று சொல்லி, முப்பத்தோராவது வருடமும் சமாளி என்கிறார்கள். சமாளித்துக் கொண்டுவந்தால் லொறி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். சமாளிக்க முடியாமல் கவிழ்ந்தால் டிரைவர் கவனக்குறைவாம். இரண்டிலும் நிர்வாகத்துக்குப் பொறுப்பில்லை. நல்ல டிரைவர் யார் என்று எங்களைக் கேட்டால், முடியாது என்று சொல்லவேண்டிய இடத்தில் முடியாது என்று சொல்கிறவர்தான் நல்ல டிரைவர்.

டீசல் கணக்கும் நியூட்ரல் இறக்கமும்

இதையும் வெளியில் சொல்லியாக வேண்டும். மாத முடிவில் ஒப்பீஸில் டீசல் கணக்குப் பார்க்கிறார்கள். கூடப் போனால் டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். மிச்சம் காட்டுகிறவருக்கு நல்ல பெயர். அதனால் சில டிரைவர்மார் என்ன செய்கிறார்கள்? இறக்கத்தில் கியரை எடுத்து நியூட்ரலில் விடுகிறார்கள். சிலர் எஞ்சினையே நிறுத்திவிடுகிறார்கள்.

தம்பிமாரே, இது தற்கொலை. நியூட்ரலில் எஞ்சின் வண்டியைப் பிடித்து வைக்காது, முழுப் பாரமும் பிரேக்குக்குப் போகும். எஞ்சினை நிறுத்தினால் பிரேக்குக்கு உதவி செய்கிற வெக்கியூம் பம்பும் நின்றுவிடும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். காற்று பிரேக் உள்ள பெரிய லொறியில் காற்றை நிரப்பும் கொம்பிரசரும் எஞ்சினோடு நிற்கும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கும் இறுகும். ஏறுவதற்குப் போட்ட கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்மார் சொன்னது சும்மா அல்ல. நிர்வாகத்துக்கும் ஒன்று சொல்கிறோம்: கணக்குப் புத்தகத்தில் இரண்டு லீற்றர் மிச்சத்தைப் பாராட்டும்போது, அது எந்த இறக்கத்தில் எப்படி மிச்சமானது என்றும் கேளுங்கள்.

புறப்படுமுன் என்ன பார்க்க வேண்டும்?

பனிக்காலத்தில் பழைய லொறியை நெடுந்தூரம் எடுப்பதற்குமுன் செய்யவேண்டிய வேலை ஒன்றும் இரகசியம் அல்ல. அனுபவமுள்ள எந்த டிரைவரும் சொல்வார். அதை எல்லாத் தோட்டத்துத் தோழர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம்.

பிரேக்: நாலு சக்கரத்தையும் கழற்றி லைனிங், சிலிண்டர், குழாய்களைப் பார்க்க வேண்டும். பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது முழுவதும் மாற்ற வேண்டும், குறைந்ததை நிரப்பினால் போதாது. பெடல் உயரமாகவும் உறுதியாகவும் நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக் சுமையோடு மேட்டில் வண்டியைப் பிடிக்க வேண்டும். காற்று பிரேக் வண்டியில் காற்றுத் தாங்கியில் சேரும் தண்ணீரை நாள்தோறும் வடிக்க வேண்டும்.

டயர்: பட்டியின் பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் ஈர ரோட்டில் அது பிடிக்காது. பட்டி நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகலாம். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 3517 என்றால் 2017ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் நெடுந்தூரத்துக்கு வேண்டாம். ரீட்ரெட் பண்ணிய டயரை முன் சக்கரத்தில் போடக் கூடாது. பின்னால் இரட்டைச் சக்கரத்தில் உள் டயர் காற்றிறங்கினால் வெளியே தெரியாது. தட்டிப் பார்க்க வேண்டும், நடுவில் கல் சிக்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சக்கர நட்டுகளை இறுக்க வேண்டும். ஸ்பெயார் சக்கரத்திலும் காற்று இருக்க வேண்டும்.

ஸ்டியரிங்கும் வில்லும்: ஸ்டியரிங்கில் ஆட்டம், வில்லில் உடைந்த தட்டு, யூ போல்ட் தளர்வு. கொழுந்துப் பாதையில் குலுங்கியே ஓடும் லொறிக்கு இவை மூன்றும் நிச்சயம் வரும். தோட்டத்துக்குள் மெதுவாகப் போகும்போது தெரியாத ஆட்டம் பெரிய ரோட்டில் வேகத்தில் தெரியும்.

பெற்றரி: தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவதை நாம் பார்க்கிறோம். அதே குளிரில் பெற்றரியின் தெம்பு குறையும், எஞ்சின் ஒயில் தடிக்கும், டீசல் எஞ்சின் பற்றிக்கொள்ள அடம்பிடிக்கும். பெற்றரி முனைகளைச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும், தண்ணீர் பார்க்க வேண்டும், ஹீட்டர் பிளக் வேலை செய்ய வேண்டும். கல் வைத்து உருட்டி ஸ்டார்ட் பண்ணுகிற லொறியை நெடுந்தூரம் எடுக்கவே கூடாது. இரவில் வளைவில் எஞ்சின் நின்றால், லைட் இல்லாமல் நடு ரோட்டில் நிற்கும் லொறி மற்றவருக்கும் எமன்.

தண்ணீரும் டீசலும்: இறங்கும்போது பிரேக் சூடாகிறது, திரும்பி ஏறும்போது எஞ்சின் சூடாகிறது. உரத்தை ஏற்றிக்கொண்டு கித்துல்கலையிலிருந்து மேலேறுவதை நினையுங்கள். ரேடியேட்டர், ஹோஸ், ஃபேன் பெல்ட், மூடி எல்லாம் பார்க்க வேண்டும். வெறும் தண்ணீரில் உள்ளே துரு பிடிக்கும், கூலன்ட் வேண்டும். டீசல் பில்டரின் அடியில் சேரும் தண்ணீரை வடிக்க வேண்டும்.

லைட், வைப்பர்: வட்டவளைப் பக்கம் மூடுபனியில் பத்து அடிக்கு அப்பால் தெரியாத இரவுகள் உண்டு. ஹெட் லைட், பின் லைட், சிக்னல், ஹோர்ன், வைப்பர் றப்பர் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். மூடுபனியில் டிம் பண்ணித்தான் ஓட்ட வேண்டும். உயர்த்திப் போட்ட வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி அடிக்கும். கண்ணாடியில் உள்ளே படியும் ஆவியை ஒரு கையால் துணி வைத்துத் துடைத்துக்கொண்டு மறு கையால் வளைவைத் திருப்புவது ஓட்டுவது அல்ல.

கடைசியாக டிரைவர்: காலை ஆறு மணியிலிருந்து கொழுந்து ஏற்றிய மனிதரை, இரவு பத்து மணிக்குத் தேயிலை ஏற்றி அனுப்பினால் அவர் எப்போது தூங்குவது? பழுதில்லாத பிரேக்கையும் மிதிக்க, விழித்திருக்கும் கால் வேண்டும். நெடுந்தூரம் போகிற நாளுக்கு முந்தின பகல் அவருக்கு ஓய்வு வேண்டும். கூட ஒரு கிளீனர் வேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஒரு கராஜில் இரண்டு நாள் வேலை. அதற்குத்தான் நேரமில்லை, காசில்லை என்கிறார்கள். ஒருவருக்குக் குற்றப்பத்திரிகை எழுத மட்டும் நேரம் இருந்தது.

நம்மிடமும் பிழை உண்டு

நிர்வாகத்தை மட்டும் சொல்லிவிட்டு நாம் நழுவ முடியாது. வாடகை குறைவு என்று கலியாணத்துக்கும் கோயிலுக்கும் துக்க வீட்டுக்கும் பழைய லொறி பிடித்து, பெண்களையும் பிள்ளைகளையும் நிற்க வைத்துக் கூட்டிப்போவது யார்? நாம்தான். லொறி சாமானுக்குச் செய்தது. அதில் ஆட்களுக்குச் சீட் இல்லை, பிடிக்கக் கம்பி இல்லை. கவிழ்ந்தால் ஆளும் மூட்டையும் ஒன்றாய் விழும், மூட்டை ஆளுக்கு மேலே விழும். டிரைவருக்கு ஊற்றிக் கொடுத்து "ஒரு கட்டிங் போட்டாத்தான் குளிர் தாங்கும்" என்று சொல்வதும் நம் ஆட்கள்தான். வண்டியை எடுக்க மாட்டேன் என்றவரைப் பயந்தாங்கொள்ளி என்று லயத்தில் கேலி பண்ணியதும் நம் ஆட்கள்தான். துரை கடிதத்தில் எழுதியதை நாம் வாயால் சொன்னோம். இந்த வெட்கம் நமக்கு இருக்க வேண்டும்.

நாங்கள் கேட்பது

1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. வேலையில் அடிபட்டால், செத்தால் அதன்படி நட்டஈடு கேட்கலாம். கேட்டும் வருகிறோம். ஆனால் நட்டஈடு என்பது நடந்து முடிந்த பிறகு வரும் காசு. அதை எண்ணிப் பார்த்து எந்தத் தாயும் சிரித்ததில்லை. நாங்கள் கேட்பது அதற்கு முன்னால் வரவேண்டிய பாதுகாப்பு. 2022இல் சர்வதேச தொழில் அமைப்பு, பாதுகாப்பான வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. இலங்கை அந்த அமைப்பின் அங்கத்துவ நாடு. அதோடு அடிப்படைச் சமவாயமாக ஏற்கப்பட்டது 1981ஆம் ஆண்டின் 155ஆம் இலக்கச் சமவாயம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தக்க காரணத்தோடு நம்பி வேலையிலிருந்து விலகிய தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்று அதன் 13ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் டிரைவரிடம் தக்க காரணம் இருந்தது. கராஜ் பாஸின் கையெழுத்தோடு இருக்கிறது.

ஆகவே கேட்கிறோம்:

1. டிரைவருக்குக் கொடுத்த குற்றப்பத்திரிகையை எழுத்தில் திரும்பப் பெற வேண்டும்.

2. ஒவ்வொரு தோட்ட வாகனத்துக்கும் ஒரு பழுதுப் புத்தகம் வேண்டும். டிரைவர் எழுதிய குறைக்குப் பக்கத்தில், அதைப் பார்த்த அதிகாரி திகதியோடு கையெழுத்துப் போட வேண்டும். வாயால் சொன்னேன், கேட்கவில்லை என்ற கதை அத்தோடு முடியும்.

3. தோட்ட எல்லையைத் தாண்டி நெடுந்தூரம் போகும் பழைய வாகனத்தை, போகுமுன் ஒரு மெக்கானிக் சோதித்து எழுதித் தர வேண்டும்.

4. பிரேக், டயர், ஸ்டியரிங், லைட் ஆகியவற்றில் குறை எழுதப்பட்டிருந்தால், அது செய்து முடியும் வரை வாகனம் வெளியே போகக் கூடாது. எடுக்க மறுக்கும் டிரைவருக்குச் சம்பளமும் குறையக் கூடாது.

5. நெடுந்தூரப் பயணத்துக்கு முன் டிரைவருக்கு ஓய்வும், பயணத்தில் கூட ஒரு ஆளும் வேண்டும்.

6. கல் வைத்து லொறி நிறுத்துவது இன்றே நிற்க வேண்டும். பிள்ளை மடுவத்துக்கு மேலே இனி ஒரு இரவும் அது நிற்கக் கூடாது.

இவற்றில் எது நடக்காத காரியம்? எது கம்பனியை முடக்கிவிடும்? 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனபோது, தனியார் கைக்குப் போனால் எல்லாம் ஒழுங்காகும் என்றார்கள். ஒரு பழுதுப் புத்தகமும் ஒரு தகரம் பிரேக் ஒயிலும் கேட்க இத்தனை வருடமா?

தோழர்களே, விசாரணை நாளன்று அந்த டிரைவர் ஒப்பீஸ் படியில் தனியாக நிற்கக் கூடாது. பிரட்டுக் களத்தில் அவர் சொன்னதைக் கேட்ட நாற்பது பேரும் வரவேண்டும். "மறுத்தார்" என்று எழுதியவர்களுக்கு முன்னால், "செஞ்சு குடுங்க, போறேன்னுதான் சொன்னார்" என்று ஒவ்வொருவரும் சாட்சி சொல்ல வேண்டும். மூட்டைக்கு மேலே படுத்து வரவிருந்த அந்த ஆறு பொடியன்களின் அம்மாமாரும் வரவேண்டும் என்று தோட்டக் கமிட்டி கேட்டுக்கொள்கிறது. அவர்கள் பேசவே தேவையில்லை. வந்து நின்றால் போதும்.

மற்றத் தோட்டத்துத் தோழர்களுக்கு ஒரு வேலை. நாளைக் காலை பிரட்டுக்குப் போகும்போது உங்கள் லொறியைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். டயரைப் பாருங்கள், சக்கரத்துக்குக் கீழே கல் இருக்கிறதா பாருங்கள், டிரைவர் அண்ணனிடம் பெடல் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி உங்கள் தலைவர் மூலம் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அடுத்த பனிக்காலத்துக்கு முன்னால் இந்த ஆறு கோரிக்கைகளையும் எல்லாத் தோட்டங்களிலும் வைக்க அது உதவும்.

– தோட்டக் கமிட்டிக்காக